ஆறு நாட்டுக்கும் ஒரே முடிச்சு

தேவகோட்டை ரஸ்தாவில் இறங்கினாலும் சரி, புதுவயல் கடைத்தெருவில் நின்றாலும் சரி, ஏதாவது ஒரு மின்கம்பத்தில் அந்த நோட்டீஸ் ஒட்டியிருக்கும். "குவைத் – ஹவுஸ் டிரைவர். சவுதி – மேசன், ஹெல்ப்பர். துபாய் – கிளீனிங். சாப்பாடு, ரூம் இலவசம். உடனடி விசா." கீழே கொட்டை எழுத்தில் ஒரு செல்போன் எண். இந்த நோட்டீஸில் இருப்பதைவிட இல்லாததைப் படிக்க வேண்டும். ஆள் எடுப்பவரின் பதிவு எண் இருக்காது. வேலை கொடுக்கும் கம்பெனியின் பெயர் இருக்காது. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்ற பிரிப்பு இருக்காது. பிற்பாடு வரப்போகிற வம்பில் பாதி இந்த மூன்றிலிருந்துதான் முளைக்கிறது.

சவுதி, அமீரகம், கத்தார், குவைத், பஹ்ரைன், ஓமன் என்று வளைகுடாவில் ஆறு நாடு. காசு வேறு, சட்டம் வேறு, தொழிலாளர் அலுவலகம் வேறு. ஆனால் அங்கிருந்து வருகிற புகார்களை நாட்டின் பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் எது எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியாது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சொன்ன வேலை வேறு, கொடுத்த வேலை வேறு. நாலு மாசமாகச் சம்பளம் இல்லை. கேட்டதும் ஓடிப்போனதாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இறந்தவரின் சான்றிதழில் 'இயற்கை மரணம்' என்று போட்டிருக்கிறார்கள். ஆறு அரசும் கூடிப் பேசி இப்படிச் செய்யவில்லை. ஆறிலும் ஒரே அச்சாணி இருப்பதால் இப்படி நடக்கிறது.

அந்த அச்சாணிக்குப் பெயர் கஃபாலா, அதாவது வெளிநாட்டுத் தொழிலாளிக்கு ஒரு முதலாளியைப் பொறுப்பாளராக்கும் முறை. நம்மூரில் வேலையை விட்டால் வேலை மட்டும்தான் போகும். அங்கே அந்த நாட்டில் தங்கும் உரிமையும் வேலையும் கஃபீல் என்ற அந்தப் பொறுப்பாளர் ஒருவரின் கையில் இருக்கின்றன. இக்காமாவை (தங்கும் அனுமதி அட்டை) புதுப்பிக்க வேண்டியவர் அவர். புதுப்பிக்காமல் விட்டால் சட்டவிரோதமாகத் தங்கியவன் என்ற பெயர் தொழிலாளிக்கு. கையில் அடையாளம் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது, வங்கிக் கணக்கு முடங்கும், வழியில் சோதனை வந்தால் உள்ளே தூக்கிப் போடுவார்கள். ஒருவனை அடிக்கவே வேண்டாம், இக்காமா தேதியைத் தாண்டவிட்டால் போதும்.

இது எல்லாம் பழைய கதை, கஃபாலா ஒழிந்துவிட்டது என்று யூடியூபில் சிலர் பேசுகிறார்கள். மாறியது எது, மாறாதது எது என்று தேதியோடு பார்ப்பது நல்லது. பஹ்ரைன் முதலில் அசைந்தது. 2009இல் வேலை மாறும் அனுமதியை முதலாளியிடமிருந்து அரசு அமைப்புக்கு மாற்றியது. கத்தார், உலகக் கோப்பைக் கால்பந்துக்காக உலகமே உற்றுப் பார்த்தபோது, 2018இல் பெரும்பாலானோருக்கு நாட்டை விட்டு வெளியேற முதலாளியின் அனுமதி வேண்டாம் என்றது. 2020 ஜனவரியில் வீட்டு வேலைக்காரர்களுக்கும் அதை நீட்டியது. அதே ஆண்டு என்.ஓ.சி. (பழைய முதலாளி தரும் தடையின்மைச் சான்று) இல்லாமல் கம்பெனி மாறலாம் என்று சட்டம் வந்தது. 2021 மார்ச் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால்; தங்குமிடம் தராவிட்டால் 500, சாப்பாடு தராவிட்டால் 300 கூடுதல். ஓமன் 2021 ஜனவரியில் என்.ஓ.சி.யைக் கைவிட்டது. சவுதி 2021 மார்ச் 14 முதல், தனியார் கம்பெனித் தொழிலாளிகள் சில நிபந்தனைகளோடு வேலை மாறவும், முதலாளியைக் கேட்காமல் எக்ஸிட் ரீ-என்ட்ரி (ஊருக்குப் போய்த் திரும்பும் அனுமதி) எடுக்கவும் வழிவிட்டது. குவைத் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. 2025 ஜூலை 1 முதல் தனியார் துறை விசாக்காரர்கள் ஊருக்குக் கிளம்பவே முதலாளியின் ஒப்புதல் பெற்ற எக்ஸிட் பெர்மிட் வேண்டும்.

சவுதியின் சீர்திருத்தத்தில் ஒரு விலக்கு உண்டு. வீட்டு வேலைக்காரர், வீட்டு டிரைவர், தோட்டக்காரர், ஆடு ஒட்டகம் மேய்ப்பவர், பண்ணையாள் ஆகியோருக்கு அது பொருந்தாது. இந்த விலக்கு சவுதியோடு நிற்பதும் இல்லை. ஆறு நாட்டிலும் பொதுத் தொழிலாளர் சட்டத்திலிருந்து வீட்டு வேலைக்காரர்கள் நீண்ட காலம் வெளியே வைக்கப்பட்டிருந்தார்கள். பிறகு பெரும்பாலான நாடுகள் அவர்களுக்கென்று தனியாக, கொஞ்சம் மெலிந்த ஒரு சட்டம் போட்டன. குவைத்தின் 2015ஆம் ஆண்டு 68ஆம் எண் சட்டம் 12 மணி நேர வேலை, வாராந்திர விடுப்பு, வருஷத்துக்கு 30 நாள் விடுமுறை என்று நன்றாகத்தான் சொல்கிறது. ஆனால் வீட்டுக் கதவைத் தட்டி உள்ளே போய்ப் பார்க்க ஆய்வாளர் வருவதில்லை. சிவகங்கைச் சீமைக் கிராமங்களிலிருந்து ஹவுஸ் டிரைவராகவும் மேய்ப்பராகவும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள் அத்தனை பேரும் விழுவது இந்த விலக்குக்குள்தான்.

இனி அந்த முடிச்சின் இழைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். முதல் இழை இங்கேயே விழுகிறது, அதுதான் கடன்.

செட்டிநாட்டுக்காரர்களுக்குக் கடல்தாண்டிப் போவது புதிதில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வட்டிக்கடை வைக்கப் போன காலத்தில், முதலாளியின் பெயரில் கடை நடத்தப் போன ஏஜென்ட்டுக்கு ஊரிலேயே சம்பளச் சீட்டு எழுதுவார்கள். மூன்று வருஷக் கெடு, இவ்வளவு சம்பளம், அதில் ஒரு பகுதி முன்பணமாக வீட்டில் கொடுக்கப்படும், கெடு முடிந்ததும் ஊர் திரும்பிக் கணக்கு ஒப்படைப்பு. அந்தக் கடைகளில் கடன் வாங்கிய பர்மா விவசாயிகள் பட்ட பாடு தனிக் கதை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் வேலைக்குப் போகிறவனுக்கு முதலாளி முன்பணம் தந்த ஊர் இது. இன்றைக்கு அதே ஊரில் வேலைக்குப் போகிறவன் தன் கைப்பணத்தைக் கட்டிவிட்டுப் போகிறான்.

எவ்வளவு கட்டலாம் என்பதற்குச் சட்டத்தில் எல்லை இருக்கிறது. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. இரண்டும் சேர்த்து 35,400. ரசீது கட்டாயம். சப் ஏஜென்ட் என்று ஓர் ஆள் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தில் கிடையாது. பதிவில்லாமல் ஆள் எடுப்பது குற்றம். இரண்டு வருஷம் வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. (அந்த 2,000 ரூபாய் 1983இல் பயமுறுத்தியிருக்கலாம்.) நடைமுறையில் நடப்பது வேறு. சென்னை அல்லது மும்பையில் பதிவுள்ள ஏஜென்ட், அவருக்குக் கீழே திருச்சியில் ஒருவர், அவருக்குக் கீழே காரைக்குடியில் ஒருவர், கடைசியில் கிராமத்தில் "நான் பாத்துக்கிறேன் தம்பி" என்று சொல்லும் தெரிந்த அண்ணன். ஒவ்வொரு படியிலும் பணம் ஏறும், எந்தப் படியிலும் ரசீது இருக்காது. கடைசியில் ஒன்றேகால் லட்சம், ஒன்றரை லட்சம் என்று நிற்கும்.

இதற்கு ஓர் ஐந்தொகை (வரவு செலவுக் கணக்கு) போட்டுப் பார்த்தால் மற்ற எல்லாம் விளங்கும். கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம். கடன் 1,20,000, மாசம் நூற்றுக்கு மூன்று வட்டி. முதல் மாச வட்டி மட்டும் 3,600. சொன்ன சம்பளம் 1,500 ரியால், ரியாலுக்கு 22 ரூபாய். சாப்பாட்டுக்கு 300 ரியால், போனுக்கு 50 ரியால், ஊரில் வீட்டுச் செலவுக்கு 6,000 ரூபாய். மிச்சம் 19,300 ரூபாய் கடனுக்குப் போகும். ஏழு மாசத்தில் கடன் தீரும். இப்போது அங்கே போனதும் கொடுத்தது 900 ரியால் என்று வையுங்கள். அதே செலவு போக மிச்சம் 6,100. அதில் முதல் மாசம் வட்டிக்கே 3,600 போய்விடும். கடன் தீர முப்பது மாசம். ஒப்பந்தமோ இரண்டு வருஷம். ஒருநாள்கூடச் சம்பளம் தவறாமல் வந்தால்தான் இந்த முப்பது மாசமும். மூன்று மாசம் நின்றால் வட்டி குட்டி போட்டுவிடும்.

முதலாளி கத்தாமலேயே ஒருவன் ஏன் வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிறான் என்பதற்கு இந்தக் கணக்கே பதில். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்பைக் கண்டறிய 11 அடையாளங்கள் வைத்திருக்கிறது. அதில் கடன்பிணை, ஆவணப் பறிப்பு, சம்பள நிறுத்தம், ஏமாற்று, மிரட்டல், அளவுமீறிய வேலை நேரம் எல்லாம் உண்டு. முதலாவதான கடன்பிணைக்கு அரபு முதலாளி தேவையே இல்லை, நம்ம தெரு வட்டிக்காரர் போதும். தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. விமான டிக்கெட்டுக்கு வாங்கிய கடனுக்காக அதைப் பிடித்துக்கொண்டு போலீஸுக்குப் போகிறவர் அபூர்வம்.

அடுத்து ஒப்பந்தம். மூன்று காகிதம் புழங்கும். இங்கே கையெழுத்து வாங்கும் ஆங்கில ஆஃபர் லெட்டர் ஒன்று, இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏற்றப்படும் ஒப்பந்தம் இன்னொன்று, அங்கே இறங்கியதும் நீட்டப்படும் அரபி ஒப்பந்தம் மூன்றாவது. தகராறு வந்தால் செல்லுபடியாவது அரபி வாசகம். ஆகவே முதலிரண்டில் 1,500 என்றிருந்து மூன்றாவதில் 900 என்றிருந்தால், அங்கே வழக்கு 900க்குத்தான். சவுதியில் ஒப்பந்தம் கிவா என்ற அரசுத் தளத்தில் பதிவாகிறது, அமீரகத்தில் தொழிலாளர் அமைச்சகத்தில். இரண்டிலும் தொழிலாளி தன் எண்ணைப் போட்டு என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்க்க முடியும். கையெழுத்துப் போடும் முன் அதை ஒரு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புங்கள்.

மொத்தச் சம்பளத்தை மட்டும் கேட்டுத் தலையாட்டுவது இன்னொரு தவறு. அமீரகத்தில் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கிடப்படும். முதல் ஐந்து வருஷத்துக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். 1,200 திர்ஹாம் சம்பளத்தில் அடிப்படை 1,000 என்றிருந்தால் வருஷத்துக்கு 700 சேரும். அதே 1,200ஐ அடிப்படை 600, மற்றது அலவன்ஸ் என்று பிரித்துவிட்டால் 420தான். ஐந்து வருஷத்தில் 1,400 திர்ஹாம் வித்தியாசம். ஓவர்டைமும் அடிப்படையை வைத்தே கணக்காவதால் ஒவ்வொரு மாசமும் அங்கேயும் ஒரு கிள்ளு.

பாஸ்போர்ட் விஷயத்தில் சட்டம் எங்கும் தெளிவு. 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டம் 17ஆம் பிரிவின்படி அது இந்திய அரசின் சொத்து. முதலாளிக்கும் சொந்தமில்லை, கண்டிப்பாகச் சொன்னால் வைத்திருப்பவருக்கும் சொந்தமில்லை. கத்தாரின் 2015ஆம் ஆண்டு 21ஆம் எண் சட்டம் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்ளும் முதலாளிக்கு 25,000 ரியால் வரை அபராதம் என்கிறது. ஆனாலும் எப்படி நடக்கிறது? ஏர்போர்ட்டில் அழைக்க வந்தவர், "இக்காமா அடிக்கணும், கொடு" என்கிறார். அதில் பொய்யில்லை, சில நாளைக்கு அது வேண்டும்தான். பிறகு திருப்பித் தரமாட்டார்கள். கேட்டால் "பத்திரமா இருக்கட்டும்" என்பார்கள். இன்னும் கெட்டிக்காரக் கம்பெனிகள், 'என் விருப்பத்தின் பேரில் ஒப்படைக்கிறேன்' என்ற அரபிக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிவிடும். கொடுக்கும் முன் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா அடித்த பக்கம் மூன்றையும் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். பாஸ்போர்ட் போனாலும் தூதரகத்தில் அவுட்பாஸ் (ஊர் திரும்ப மட்டும் தரும் தற்காலிகப் பயணச் சான்று) எடுக்கலாம். அதற்கு இந்தப் படங்கள் இருந்தால் வேலை நாட்கணக்கில் முடியும், இல்லாவிட்டால் இழுக்கும்.

சம்பளத்தை வங்கி வழியாகத்தான் போட வேண்டும் என்ற முறையை அமீரகம் 2009இல் கொண்டுவந்தது, மற்ற நாடுகளும் பின்தொடர்ந்தன. இதில் இரண்டு ஓட்டை. ஏ.டி.எம். கார்டுகளை ஃபோர்மேன் கட்டாகக் கட்டி வைத்திருப்பார், வங்கியில் 1,200 விழும், கையில் 800 வரும். அல்லது போட்ட பணத்தில் ஒரு பகுதியை 'ரூம் வாடகை' என்று ரொக்கமாகத் திருப்பி வாங்குவார்கள். கணினியில் பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. 2016இல் சவுதியில் எண்ணெய் விலை சரிந்து பெரிய கட்டுமானக் கம்பெனிகள் படுத்தபோது, ஆயிரக்கணக்கான இந்தியர்கள் மாசக்கணக்கில் சம்பளமும் சாப்பாடும் இல்லாமல் முகாம்களில் கிடந்தார்கள். அப்போதைய வெளியுறவு இணையமைச்சர் வி.கே. சிங் ஜித்தாவுக்கே போக வேண்டியதாயிற்று. பலர் பாக்கியை விட்டுவிட்டு வந்தார்கள். 2020இல் கொரோனாவின்போது அரசு ஏற்பாடு செய்த வந்தே பாரத் விமானங்களில் திரும்பியவர்களிலும் பலரின் கதை அதுதான்.

சம்பளம் நின்றால் செய்ய வேண்டியதில் வரிசை முக்கியம், ஏனென்றால் எதிராளியிடம் ஓர் ஆயுதம் இருக்கிறது. சவுதியில் அதை ஹுரூப் என்பார்கள். 'இவன் வேலைக்கு வராமல் ஓடிவிட்டான்' என்று முதலாளி இணையத்தில் பதிந்துவிட்டால், அதன் பிறகு நீங்கள் பாக்கி கேட்கும் தொழிலாளி இல்லை, தேடப்படும் ஆள். கோபத்தில் கேம்பை விட்டுக் கிளம்பி நண்பன் ரூமில் தங்கி ரொக்கக் கூலிக்குப் போகிறவர்கள், அந்த ஆயுதத்தை அவர்களே எடுத்துக் கொடுக்கிறார்கள். முதல் மாசம் நின்றதுமே வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது. தினமும் வேலை இடத்தில் தேதியோடு ஒரு படம். வேலையில் இருக்கும்போதே தொழிலாளர் அலுவலகத்தில் புகார். புகார் எண் கையில் வந்த பிறகு ஓடிப்போனதாக எழுதினாலும் எதிர்த்து நிற்க ஒரு கால் இருக்கும். அதே வாரம் வீட்டிலிருந்து 'மதத்' (MADAD) என்ற தளத்தில் (வெளியுறவு அமைச்சகத்தின் குறைதீர்ப்புத் தளம், 2015 முதல் இருக்கிறது, பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், 'உதவி' என்ற பொருள்) பாஸ்போர்ட் எண், இக்காமா எண், கம்பெனிப் பெயர், புகார் எண் நான்கையும் போட்டுப் பதியுங்கள். கம்பெனிப் பெயர் தெரியாமல் 'சவுதியில் ஏமாற்றப்பட்டேன்' என்று மட்டும் போகிற மனு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றும்.

கடைசிக் கட்டத்தில் ஒரு கண்ணி உண்டு. எக்ஸிட் அடித்து, டிக்கெட்டைக் காட்டி, ஏர்போர்ட் போகும் வண்டியில் ஏறும் முன் ஒரு காகிதம் நீட்டுவார்கள். 'என் பாக்கி முழுவதும் பெற்றுக்கொண்டேன்.' ஊர் போகும் ஆசையில் எல்லாரும் போட்டுவிடுவார்கள். அதன் பிறகு நீதிமன்றத்தில் வழக்கு நிற்பது கடினம். கெடுவும் உண்டு. சவுதியிலும் கத்தாரிலும் வேலை முடிந்து ஓராண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். அமீரகத்தில் 2024 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாண்டு. ஊருக்கு வந்தபிறகு வழக்கை நடத்த அங்கே ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். சான்றொப்பம் வாங்கி அனுப்புவதற்குள் கெடுவில் பாதி ஓடிவிடும். ஆகவே கிளம்பும் முன்னரே கொடுத்துவிட்டு வருவது உத்தமம்.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆறு நாட்டிலும் கோடையில் மதிய வேலைக்குத் தடை உண்டு. சவுதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை 12 முதல் 3 மணி. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் 3.30. அந்த நேரத்தில் வேலை வாங்குவதைக் கைபேசியில் படமெடுத்துப் புகார் செய்தால் அபராதம் போடுகிறார்கள் என்பது உண்மை. மற்ற நேரத்து வெக்கையைத்தான் யாரும் கேட்பதில்லை. நல்ல திடகாத்திரமான ஆள் இரவில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்று செய்தி வரும். சான்றிதழில் 'மாரடைப்பு, இயற்கை மரணம்' என்று ஒரு வரி. உடற்கூறு ஆய்வு பெரும்பாலும் நடக்காது. கத்தாரில் வேலையால் நேர்ந்த மரணத்துக்கு 2 லட்சம் ரியால் இழப்பீடு; இயற்கை மரணம் என்று எழுதிவிட்டால் அது கிடையாது. அந்த ஒரு வரி குடும்பத்துக்கு எத்தனை பெரிய தொகை என்பது பிறகுதான் தெரியும். உடல் வருவதற்கு இறப்புச் சான்று, பதப்படுத்திய சான்று, தூதரகத்தின் தடையின்மைச் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட் நான்கும் வேண்டும். இழப்பீடு தூதரகம் வழியாக மாவட்ட ஆட்சியருக்கு வரும், அதை வாங்கத் தாசில்தார் தரும் வாரிசுச் சான்று வேண்டும். உடல் வந்த துக்கத்தில் இதற்கு மனுப் போடாமல் விட்டுவிட்டு, வருஷம் கழித்து அலைகிற குடும்பங்கள் நிறைய.

குவைத் மங்காஃபில் 2024 ஜூன் 12 அன்று எரிந்த கட்டடத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே கட்டடத்தில் 200 பேர் அளவில் தங்கியிருந்தார்கள். அறைகளைப் பிரித்த தடுப்புகள் எளிதில் தீப்பற்றும் பொருள், மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது. விமானப்படை விமானத்தில் கொச்சிக்கு வந்த 45 இந்தியர் உடல்களில் 7 தமிழ்நாட்டுக்காரர்களுடையவை. 'ரூம் இலவசம்' என்று நோட்டீஸில் வருகிறதே, அந்த ரூமுக்கு எத்தனை பேர், வெளியேறும் வழி எத்தனை என்று கேட்பதும் ஒப்பந்தக் கேள்விதான்.

பெண்கள் விஷயத்தில் இந்திய அரசு ஒரு வேலி போட்டது. பத்தாவது தேறாத, இ.சி.ஆர். பாஸ்போர்ட் (வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்ற குறிப்புள்ளது) வைத்திருக்கும் 30 வயதுக்குக் குறைந்த பெண்களுக்கு இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதி கிடையாது. 30க்கு மேல் என்றால் அரசு நிறுவனங்கள் வழியாக மட்டும். தமிழ்நாட்டில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். நோக்கம் நல்லது. விளைவு, விசிட் விசா. துபாய்க்குச் சுற்றுலா என்று போய் இறங்கி, அஜ்மானில் ஏதோ ஓர் ஆபீஸில் உட்கார வைக்கப்பட்டு, அங்கிருந்து ஓமனுக்குத் தரைவழியாக மாற்றப்படுகிறார்கள். அந்தப் பெண்ணின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வீட்டை மாற்றச் சொன்னால், 'உனக்காகக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடு' என்கிறார்கள். பிலிப்பைன்ஸ் இதில் வேறு வழி பார்த்தது. 2018இல் குவைத்தில் ஒரு வீட்டு உறைபெட்டிக்குள் அந்நாட்டுப் பெண்ணின் உடல் கிடைத்ததும் ஆள் அனுப்புவதையே நிறுத்தி, பாஸ்போர்ட்டும் செல்போனும் தொழிலாளியிடமே இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கிய பிறகுதான் திறந்தது. மீறல் நின்றுவிடவில்லை, ஆனால் பேரம் பேச முடியும் என்று காட்டியது. நாமோ 2020 செப்டம்பரில், கொரோனா நடுவில், வளைகுடா வேலைகளுக்கான குறைந்தபட்சப் பரிந்துரைச் சம்பளத்தை நாமாகவே குறைத்துக்கொண்டோம். எதிர்ப்புக் கிளம்பி 2021இல்தான் திரும்பப் பெற்றார்கள்.

இ.சி.ஆர். என்ற வேலியில் இன்னோர் ஓட்டை. பத்தாவது தேறிய மேசனுக்கு இந்தச் சோதனை எதுவும் கிடையாது. அவன் ஏறும் சாரமும் தேறாதவன் ஏறும் சாரமும் ஒன்றே. ஆனால் அந்த அனுமதியைத் தரும் புரொடெக்டர் அலுவலகத்தின் கணக்கில் ஒருவன்தான் இருக்கிறான். காப்பீட்டிலும் அப்படி. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் இரண்டு வருஷத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375. விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம். இ.சி.ஆர். காரர்களுக்கு இது கட்டாயம். மற்றவர்களும் இ-மைக்ரேட்டில் பதிந்து எடுக்கலாம், எடுப்பதில்லை. ஏஜென்ட்டுக்கு லட்சம் கொடுப்பவர் 275 ரூபாயை மறந்துவிடுகிறார்.

இந்த அச்சு வளைகுடாவோடு நிற்கவில்லை. 2022இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று போன தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி வேலையில் அடைக்கப்பட்டார்கள். அங்கேயும் அதே பாஸ்போர்ட் பறிப்பு, 'விட்டுப்போக இவ்வளவு டாலர் கட்டு' என்ற அதே கடன். பட்டதாரிகளையும் அதே நூலில் கட்டலாம் என்று தெரிந்தது.

கடைசியாக, விசா நகலைப் படிக்கும் விதம். குவைத் விசாவில் 18ஆம் எண் என்றால் கம்பெனி, ஊரில் ஷூன் விசா என்பார்கள். 20 என்றால் வீட்டு வேலை, காதிம் விசா. 20இல் போய்க் கம்பெனியில் வேலை செய்யலாம் என்பது சட்டப்படி நடக்காது. 'ஃப்ரீ விசா' என்று ஒரு விசாவே எந்த நாட்டிலும் கிடையாது. யாரோ ஒரு கஃபீலின் பெயரைக் காசுக்கு வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம், பிடிபட்டால் நீங்கள்தான் குற்றவாளி. சவுதி விசாவில் 'மிஹ்னா' என்ற சொல்லுக்கு எதிரே தொழில் எழுதியிருக்கும். 'சாயிக் காஸ்' என்றால் வீட்டு டிரைவர். 'ஆமில் மன்ஸிலி' என்றால் வீட்டு வேலை. 'ராஈ' என்றால் ஆடு மேய்ப்பவர். இந்த மூன்றில் எது இருந்தாலும் மேலே சொன்ன விலக்குக்குள் போகிறீர்கள். சப் ஏஜென்ட் அண்ணன், "விசால அப்படித்தான் இருக்கும், அங்க போனதும் மாத்திக்கலாம் தம்பி" என்பார். மாற்ற வேண்டியவர் கஃபீல், அவர் கையெழுத்துப் போட அண்ணன் அங்கே இருக்கப்போவதில்லை. அரபி வாசிக்கத் தெரிந்த ஆலிம் பக்கத்துப் பள்ளிவாசலில் இருப்பார். பணம் கட்டுவதற்கு முதல் நாள் அவரிடம் அந்த ஒரு வரியைக் காட்டுங்கள், இரண்டு நிமிஷ வேலை.